பட்டன் போனுக்கு மாதம் 200 ரூபாய் நியாயமா?

வைகைக்கரை:
அம்மா மானாமதுரை பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார். வைத்திருப்பது பட்டன் போன். நெட் கிடையாது. நானும் தங்கையும் கூப்பிட்டால் எடுப்பார், மருந்துக்கடைக்கு ஒரு போன் போடுவார், அவ்வளவுதான். இதற்கு 28 நாளைக்கு ஒருமுறை கிட்டத்தட்ட 200 ரூபாய் போட வேண்டியிருக்கிறது. முன்பு பத்து ரூபாய் டாப் அப் போட்டால் மாதக்கணக்கில் வந்தது, இன்கமிங்குக்குக் காசே இல்லை. 2018 கடைசியில்தான் மாதம் குறைந்தது 35 ரூபாய் போடாவிட்டால் சேவை இல்லை என்று ஆரம்பித்தார்கள். அதன் பிறகு ஏர்டெலின் குறைந்தபட்ச ரீசார்ஜ் ஏறிய விதத்தைப் பாருங்கள்: 2021 ஜூலையில் 49 இருந்தது 79 ஆனது, அதே நவம்பரில் 99, அப்புறம் 155, 179, 2024 ஜூலையில் 199. நெட் பார்ப்பவர்களுக்கு விலை ஏறட்டும், அது வேறு பேச்சு. போனைக் காதில் வைப்பதோடு சரி என்று இருப்பவர்களிடம் ஏன் இத்தனை வாங்க வேண்டும்?

டவர் பக்கம்:
நான் டவர் பராமரிப்பு வேலையில் இருப்பவன், அந்தப் பக்கத்துக் கணக்கைச் சொல்கிறேன். உங்கள் அம்மா ஒரு நாளைக்கு ஒரு போன் பேசினாலும், பேசவே இல்லை என்றாலும், அந்தக் கிராமத்து டவர் 24 மணி நேரமும் ஓடியாக வேண்டும். கரண்ட் போனால் பேட்டரி, அதுவும் இறங்கினால் டீசல். நிலத்து வாடகை தனி. 2022 ஏலத்தில் மட்டும் கம்பெனிகள் எடுத்த அலைவரிசையின் மதிப்பு ஒன்றரை லட்சம் கோடி. வருமானத்தில் 8 சதவீதம் லைசென்ஸ் கட்டணம். நீங்கள் போடும் 199ல் 30 ரூபாய் ஜிஎஸ்டி, அது கம்பெனி கைக்கே வராது. பழைய காலம் மலிவு என்பதையும் ஏற்க மாட்டேன். 2016க்கு முன்னால் 1 ஜிபி நெட் பேக் 250 ரூபாய் சுமாருக்கு விற்றது, எஸ்டிடி போட்டால் நிமிடத்தை எண்ணிக்கொண்டு பேசினோம். விலையைப் போட்டி போட்டுக் குறைத்ததன் பலனையும் பார்த்தோம். 2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் போனபோது தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் வேறு கம்பெனிக்கு மாறுவதற்கான போர்ட் நம்பர் கிடைக்காமல் அலைந்தது மறந்துவிட்டதா?

செல் கடை:
உடுமலைப்பேட்டை பக்கம் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். இதைக் கண்ணால் பார்ப்பவன் என்பதால் எழுதுகிறேன். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாக்கள் நிறையப் பேர் எங்கள் கடைக்கு வருகிறார்கள். 28 நாள் என்பதால் தேதி மாதா மாதம் பின்னால் நகரும். முதல் மாதம் 10ஆம் தேதி போட்டால் அடுத்தது 7, 8 என்று வந்து நிற்கும். அவர்களுக்கு நினைவில் இருக்காது. பேட்டரி மூடியில் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி முடியும் தேதியைப் பேனாவால் எழுதிக் கொடுப்பேன். அடுத்த முறை அதை உரித்துவிட்டுப் புதிது. சிலர் சம்பளம் ஏறும் வரை பத்து நாள் போடாமல் இருப்பார்கள். அந்தப் பத்து நாளில் போன் போட முடியாது, சில நாள் போனால் இன்கமிங்கும் பேங்க் ஓடிபியும் நிற்கும், சிலிண்டர் புக் பண்ண முடியாது. பேசுவதற்காக இவர்கள் ரீசார்ஜ் செய்வதில்லை, நம்பர் உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் செய்கிறார்கள். அந்த நம்பரில்தான் ஆதார், பாஸ்புக், ரேஷன் கார்டு எல்லாம் கட்டிப் போட்டிருக்கிறது.

மாதச்சம்பளம்:
இதற்கெல்லாம் வழி இருக்கிறது, யாரும் தேடுவதில்லை என்பது என் வருத்தம். 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது: நெட் இல்லாமல், பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் மட்டும் ஒரு பிளானாவது ஒவ்வொரு கம்பெனியும் தர வேண்டும், அதன் வேலிடிட்டி 365 நாள் வரை இருக்கலாம் என்று. 2025 ஜனவரியில் வந்துவிட்டது. ஏர்டெலில் 84 நாளுக்கு 469, வருடத்துக்கு 1849. ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1748. 199ஐ 13 முறை போட்டால் 2587. வருடப் பிளானில் 738 ரூபாய் மிச்சம், தேதியை நினைவில் வைக்கும் தொல்லையும் இல்லை. நெட் வேண்டும் என்பவர்களும் கொஞ்சம் கணக்குப் போடலாம். ஜியோவில் 2024 ஜூலையில் வந்த விலைப்படி 28 நாள் 299, காலண்டர் மாதம் 319. முதலாவது வருடத்துக்கு 13 முறை, 3887. இரண்டாவது 12 முறை, 3828. குறைவாகத் தெரிவதுதான் அதிகம். அப்புறம், 90 நாள் பயன்படுத்தாமல் விட்டாலும் கணக்கில் 20 ரூபாய் இருந்தால் நம்பரைப் பறிக்கக் கூடாது என்று 2013 முதலே விதி இருக்கிறது.

செல் கடை:
சார், 20 ரூபாய் விதியில் நம்பர் போகாது, சரி. வேலிடிட்டி முடிந்து சில நாளில் இன்கமிங் நிற்கிறதே, ஓடிபி எப்படி வரும்? பெட்டிக்குள் இருக்கிற நம்பரை வைத்து அந்த அம்மா என்ன செய்வார்?

வைகைக்கரை:
மாதச்சம்பளம் சொன்ன வாய்ஸ் பிளானையே எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலையில் ஏர்டெலின் 84 நாள் பிளான், 6 ஜிபி நெட்டோடு 509. நெட்டை முழுசாக எடுத்த பிறகு 469. மூன்று மாதத்துக்கு 40 ரூபாய் குறைந்தது. டிராய் கேட்டதற்குப் பேருக்கு ஒன்று கொடுத்ததாகத்தான் நான் இதைப் பார்க்கிறேன்.

டவர் பக்கம்:
நான் சொன்னதைத்தான் அந்த 40 ரூபாய் காட்டுகிறது. 84 நாளில் 6 ஜிபி என்பது டவருக்கு ஒன்றுமே இல்லை. நீங்கள் காசு கொடுப்பது நெட்டுக்கு இல்லை, சிக்னல் இருப்பதற்கு. அதில் பட்டன் போன், ஸ்மார்ட் போன் என்ற வித்தியாசம் கிடையாது. ஏழைகளுக்குக் குறைத்துத் தர வேண்டும் என்றால் நானும் கை தூக்குகிறேன். ஆனால் அந்தச் செலவை அரசு ஏற்க வேண்டும். நான் சொன்ன 8 சதவீதத்தில் 5 சதவீதம் கிராமத்துச் சேவைக்கென்றே பிடிக்கிறார்கள். இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். அதிலிருந்து 70 வயது தாண்டியவர்களுக்கு, நூறு நாள் வேலை அட்டை வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கட்டும்.

வைகைக்கரை:
செலவு எல்லாராலும் ஒரே அளவாகவா வருகிறது? டவர் நிறைவது படம் பார்ப்பவர்களால். மாலை ஏழு மணிக்கு நெரிசல் என்று புது டவர், புது அலைவரிசை வாங்குவது அவர்களுக்காக. அந்த ஒன்றரை லட்சம் கோடியில் பெரும்பகுதி 5ஜிக்கு. என் அம்மா போன் 2ஜி. அதில் அவருக்கு என்ன பங்கு? நிதி வரட்டும், நல்லதுதான். அது வரும் வரை அவர் கட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா?

டவர் பக்கம்:
5ஜி பற்றிச் சொன்னது சரி, அந்தச் செலவை 2ஜி ஆட்கள் தலையில் வைப்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் டவர் ஓடும் செலவு என்று ஒன்று இருக்கிறது, பழைய 35 ரூபாய்க்கெல்லாம் அது கட்டுப்படியாகாது.

மாதச்சம்பளம்:
அதற்குத்தானே வருடப் பிளான்? வைகைக்கரை, நீங்கள் இன்றைக்கே 1849 போட்டுவிட்டால் உங்கள் அம்மா பிரச்சினை முடிந்தது.

செல் கடை:
அவர் போட்டுவிடுவார். பையன் அனுப்பாத அம்மாக்களுக்கு? என் கடையில் 1849 ஒரே தடவையில் எடுத்து வைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 469 கேட்டாலே ‘மாசத்துக்கு இல்லையா தம்பி’ என்றுதான் கேட்கிறார்கள். இல்லை என்றதும் நெட்டோடு சேர்ந்த 199ஐப் போட்டுக்கொண்டு போகிறார்கள். கையில் காசு குறைவாக இருப்பவர்தான் நாள் கணக்கில் அதிகம் கட்டுகிறார்.

வைகைக்கரை:
என் கோரிக்கையை அப்படியே இந்த இடத்தில் வைக்கிறேன். 469ஐ மூன்றால் வகுத்தால் 28 நாளுக்கு 156 ரூபாய் சொச்சம். இது நான் கேட்கும் சலுகை விலை இல்லை, கம்பெனியே தனக்குக் கட்டுப்படியாகும் என்று போட்ட விலை. அதையே 28 நாள் வாய்ஸ் பிளானாக விற்கட்டும். டிராய் அதிகபட்சம் 365 நாள் என்று சொன்னது, குறைந்தபட்சம் எத்தனை நாளில் ஒன்று இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த ஓட்டையை அடைத்தால் போதும். டவர் பக்கம், இதில் உங்களுக்கு என்ன மறுப்பு?

டவர் பக்கம்:
மூன்று தடவை ரீசார்ஜ் என்றால் மூன்று தடவை கடைக்காரர் கமிஷன், அதனால் 156க்கு வராது, 160, 165 ஆகும். அந்த விலைக்கு 28 நாள் பிளான் வேண்டும் என்றால் எனக்கு மறுப்பு இல்லை. 100 ரூபாய்க்குக் கொடு என்றால்தான் சண்டைக்கு வருவேன்.

செல் கடை:
165 என்று போட்டாலும் என் கடையில் நாளைக்கே ஐம்பது பேர் மாறுவார்கள். கமிஷன் இரண்டு ரூபாய் குறைந்தாலும் பரவாயில்லை, கொண்டு வரச் சொல்லுங்கள்.