சீட் மணி விண்ணப்பம் எழுதியவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். தருமபுரியில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆசிரியர் ஆய்வுக்கு எங்கள் நிர்வாகமே இந்த வருடம் சீட் மணி (ஆய்வைத் தொடங்கத் தரும் நிதி) தருகிறது, கல்லூரிகளைத் தரம் பார்க்கும் நாக் (NAAC) மதிப்பீட்டிலும் இதைக் கேட்கிறார்களே. ஆனால் இளங்கலை மாணவர்களையும் ஆய்வில் சேர்த்து வழிநடத்த வேண்டுமாம். நல்ல நிபந்தனைதான்.

பென்னாகரம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடுதான் என் தலைப்பு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும், குழாய் வராத நாளில் பல வீடுகளில் போர்வெல்தான். போன வாரம் ஒரு மாணவி வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்தாள், ஃபுளோரைடு இருந்தால் நிறம் வெளுக்கும் சிவப்பு SPADNS கரைசலை விட்டதும் கண்ணெதிரே வெளுத்தது, அளந்தால் குடிநீருக்கான லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரம்பையும் தாண்டியிருந்தது. "எங்க பாட்டி பல்லுல கறை இதனாலதானா சார்?" என்றாள். இவளைப் போன்ற பிள்ளைகளைத்தான் சேர்க்க நினைக்கிறேன்.

பட்ஜெட்டில் மாணவர்களின் பஸ் செலவு, சிறு உதவித்தொகை போட்டால் ஒத்துக்கொள்கிறார்களா? ஃபுளோரைடை அளக்கும் மின்முனை வாங்கினால் பாதிப் பணம் போய்விடும், சேலத்தில் மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிச் சோதித்துத் தரும் ஆய்வகம் உண்டா? அப்புறம், மாணவர் வழிகாட்டல் பகுதியை எப்படி எழுதினீர்கள்? ஒப்புதல் கிடைத்த விண்ணப்ப நகல் இருந்தால் அனுப்புங்கள், மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும்.