நிற்கிறவர்களின் பெயர் யாருக்குத் தெரியும்?

பழைய குரூப் போட்டோக்களைத் தேடிப் போன இடங்களில் நேர்ந்ததை ஒவ்வொருவராக எழுதுகிறீர்கள். எங்கள் ஊர்ப் படங்களைத் திரட்டும் வேலையில் நானும் இருப்பதால் என் அனுபவத்தையும் சேர்க்கிறேன்.

எனக்குக் கிடைத்தவற்றில் நான் மிகவும் மதிக்கும் படம், ஊர்த் தண்ணீர்த் தொட்டி கட்டி முடித்த அன்று எடுத்தது. தொட்டியில் பதித்த கல்வெட்டில் திறந்து வைத்தவரின் பெயர் இருக்கிறது. படத்தின் அடியிலும் "அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம்" என்று வரிசையாகப் பெயர்கள். பின்னால் நிற்கும் இரண்டு வரிசைக்கும் சேர்த்து "மற்றும் பணியாளர்கள்" என்று முடித்துவிட்டார்கள். தொட்டியைக் கட்டியதே அந்த இரண்டு வரிசைதான்.

அந்த வேலையில் இருந்த ஒரு கொத்தனாரின் மனைவி இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். முகங்கள் பட்டாணி அளவுகூட இல்லை. அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. "இவரு சாஞ்சு நிக்கிறாரு பாருங்க தம்பி, இடது கால் கொஞ்சம் கட்டை. அதான்" என்று முதல் ஆளைச் சொன்னார். அடுத்தவரைக் கைகட்டி நிற்கும் விதத்தை வைத்துச் சொன்னார். சாரம் கட்டியது யார், கலவை போட்டது யார், பாதியில் சாரத்திலிருந்து விழுந்து பிழைத்து மறுபடி வேலைக்கு வந்தது யார் என்று ஒவ்வொன்றாக வந்தது. வலது ஓரத்தில் பாதி உருவம் வெட்டுப்பட்டு ஒரு பெண் நிற்கிறார். வழியில் போனவர் யாரோ என்றுதான் பார்த்தவர்கள் எல்லோரும் நினைத்திருந்தார்கள். "என் நாத்தனாரு. சித்தாளு வேலை. மேல வரைக்கும் கலவை தூக்குனவ" என்றார் அந்த அம்மா.

கல்வெட்டிலும் இல்லாத, ஆவணத்திலும் இல்லாத பெயர் அது. அந்த அம்மாவின் நினைவில் மட்டும் இருந்தது. அதனால் நான் உறுதியாகச் சொல்வது இதுதான்: முதலில் பெயர், அப்புறம் ஸ்கேன். காகிதம் இன்னும் ஐம்பது வருடம் தாங்கலாம், பெயர் சொல்லக்கூடியவர் அதுவரை இருக்க மாட்டார். இயற்பியல் அறிஞர்கள் கூடிய 1927 சால்வே மாநாட்டுப் படத்தில் உள்ள 29 பேரின் பெயரும் இன்றைக்கும் நமக்குத் தெரியும். ஐன்ஸ்டைன், மேரி க்யூரி முதல் பின்வரிசையில் நிற்பவர் வரை, ஒருவர் விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பல வருடம் கழித்து எடுத்த நம் ஊர்ப் படங்களில் பாதிப் பேர் யாரென்றே தெரியாமல் நிற்கிறார்கள்.

கேட்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. "இவர் இன்னார்தானே?" என்று நாமே பெயரை எடுத்துக் கொடுத்தால், பெரியவர்கள் பாதி நேரம் ஆமாம் என்றுவிடுவார்கள். படத்தை முழுசாகக் காட்டிவிட்டுப் பேசாமல் இருப்பது நல்லது. தெரிந்த ஒருவரிடமிருந்து அவர்களே தொடங்கி, பக்கத்தில் நிற்பவர், அவருடைய அண்ணன் என்று போவார்கள். போனில் குரல் பதிவு ஓடட்டும். படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துத் தலைகளை மட்டும் கோட்டுருவமாக வரைந்து எண் போட்டுக்கொண்டால், "மூணாவது வரிசையில நாலாவது ஆளு" என்ற குழப்பம் வராது. அதே தொட்டிப் படத்தில் ஒருவருக்கு இரண்டு பெரியவர்கள் இரண்டு பெயர் சொன்னார்கள். இரண்டையுமே, யார் எப்போது சொன்னார் என்பதோடு எழுதி வைத்திருக்கிறேன். எது சரி என்று முடிவு செய்ய அடுத்த படம் ஏதாவது உதவும்.

மங்கிய முகங்களைத் தெளிவாக்கித் தரும் செயலிகள் பற்றி ஒரு வார்த்தை. எங்களோடு வேலை செய்யும் ஒரு தம்பி ஆசையாக ஒரு படத்தை அதில் போட்டு, பளிச்சென்று அச்செடுத்துக் கொண்டுவந்தான். அதில் தன் சொந்த அண்ணனை ஒரு பெரியவருக்கு அடையாளம் தெரியவில்லை. மங்கலான அசலைக் காட்டியதும் சட்டென்று விரல் வைத்தார். அந்தச் செயலிகள் இல்லாத கண்ணையும் மூக்கையும் தாமாக வரைந்து ஒட்டுகின்றன. வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டுமானால் சரி, ஊர் வரலாற்றுக்கு அது வேண்டவே வேண்டாம்.

வருடம் கண்டுபிடிக்க நான் முதலில் பார்ப்பது ஆட்களுக்குப் பின்னால் இருப்பதை. மாடி எழும்பாத கட்டடம், மின்கம்பம் இல்லாத தெரு, கன்றாக நிற்கும் மரம் இவையெல்லாம் பேசும். உடையின் நிறத்தை வைத்து எதையும் சொல்லாதீர்கள். பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் படச்சுருளுக்குச் சிவப்பு தெரியாது. அதனால் சிவப்புச் சட்டை கறுப்பாக விழும், வெளிர்நீலம் வெள்ளையாகிவிடும். புற ஊதா டார்ச் ஒன்று வைத்திருப்பதும் பயன்படும். 1950களிலிருந்துதான் போட்டோக் காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள். டார்ச் வெளிச்சத்தில் காகிதம் நீலமாக ஒளிர்ந்தால் அந்தப் பிரதி அதற்கு முந்தையது அல்ல. பழைய படத்தின் பின்னாளைய மறுபிரதியாக அது இருக்கலாம்.

சட்டகத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைத் தயவுசெய்து பிரிக்காதீர்கள். ஈரத்தில் படத்தின் மேற்பூச்சான ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பற்றியிருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே கண்ணாடிக்கு மேலாகப் படமெடுத்துக்கொண்டு, பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பசைப் பக்கமும் பிளாஸ்டிக் தாளும் கொண்ட ஆல்பங்களில் இருப்பதை, முதலில் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிட்டு, பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்குக் கீழே நுழைத்து மெதுவாக அறுத்தெடுக்கலாம். ஸ்கேன் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பு, பின்பக்கமும் சேர்த்து. அட்டையில் ஸ்டுடியோவின் முத்திரை இருந்தால் அதை வெட்டிவிடாதீர்கள், அதுவும் சான்றுதான். பின்னால் எழுத மென்மையான பென்சில் போதும். பால்பாயிண்ட் பேனா அழுத்தம் முன்பக்கம் தடமாகத் தெரியும்.

பொதுவில் காட்டினால் பெயர் வருமா என்று தயங்குகிறவர்களுக்கு: 2008 ஜனவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் சுமார் 3,000 பழைய படங்களை ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் ஏற்றியது. யார், எந்த இடம் என்று மக்கள் எழுதியதைச் சரிபார்த்துத் தங்கள் பட்டியலிலேயே சேர்த்துக்கொண்டார்கள். ஊரளவிலும் இது நடக்கும். படம் கொடுத்த குடும்பத்தைக் கேட்டுக்கொண்டு ஏற்றுங்கள்.

இப்போது என்னிடம் ஒரு நீளமான படம் வந்திருக்கிறது, சுருட்டி வைத்தது. 1904இல் காப்புரிமை பெற்ற சர்க்கட் கேமரா மாதிரி, தானே சுழன்று எடுக்கும் கேமராவில் எடுத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. (அந்த வகைப் படங்களில் ஒரு முனையில் நின்ற பையன், கேமரா திரும்புவதற்குள் பின்னால் ஓடி மறுமுனையிலும் நிற்பதுண்டு. எண்ணும்போது கவனம்.) காய்ந்து விறைத்திருக்கிறது, விரித்தால் வெடித்துவிடும். ஈரக்காற்றுள்ள மூடிய பெட்டியில் வைத்து இளக்கலாம் என்று படித்திருக்கிறேன். நேரில் செய்தவர்கள் எவ்வளவு நேரம் வைத்தீர்கள், பூஞ்சை வராமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். அதில் ஒரு மூலையில் தெரிபவரைத் தன் அப்பா என்று சொல்லும் ஒரு பெரியவர், முழுப் படத்தையும் பார்க்கக் காத்திருக்கிறார்.