பென்ஷன் கேஸுக்கு யாரை நம்பிப் பேப்பரைக் கொடுப்பது? எங்கள் வீட்டில் நடந்தது இது, உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ஹவில்தார் மகள்

அப்பா பீரங்கிப் படையில் 24 வருஷம் இருந்தார். 2009-ல் ஹவில்தாராக ரிட்டயர் ஆகி வரும்போதே பிரஷர் இருந்தது. கடைசி மெடிக்கல் போர்டில் உடல் குறைபாடு 30 சதவீதம், ஆயுளுக்கும், என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்தில் "சர்வீஸால் வந்ததும் இல்லை, சர்வீஸால் கூடியதும் இல்லை" என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரியால் டிசெபிலிட்டி பென்ஷன் (சர்வீஸில் வந்த உடல் குறைபாட்டுக்கான பென்ஷன்) கிடையாது என்று பின்னால் ஒரு கடிதம் வந்தது. அப்பா அதை நாலாக மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார். மேல்முறையீடு செய்யலாம் என்று அந்தக் கடிதத்தின் அடியிலேயே எழுதியிருந்தது, அதை அவருக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை. போன வருஷம் ஒரு கல்யாணத்தில் அவரோடு ஒரே பேட்டரியில், அதாவது ஒரே பீரங்கிப் பிரிவில், இருந்தவர், தனக்கு வருகிறது என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது.

அதற்கப்புறம் யாரிடம் போவது என்று தேட ஆரம்பித்தோம். முதலில் போனது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை மாடிக்கு. வாசலில் முன்னாள் ராணுவத்தினருக்கு உதவி என்று போர்டு, உள்ளே சுவர் முழுக்கப் பெரிய அதிகாரிகளோடு எடுத்த போட்டோக்கள். அந்த ஆள் கேட்ட முதல் கேள்வி, பென்ஷன் எந்த பேங்க்கில் வருகிறது என்பது. இரண்டாவது, மாசம் எவ்வளவு. மெடிக்கல் போர்டு பேப்பர் கொண்டு வந்திருக்கிறேன் என்று நான் இரண்டு முறை சொன்னேன், அவர் கவரைப் பிரிக்கக்கூட இல்லை. அரியர்ஸில் நூற்றுக்கு முப்பது தனக்கு, அதற்கு உத்தரவாதமாகத் தேதி போடாத செக் இரண்டு, ஒன்றும் எழுதாத ஸ்டாம்ப் பேப்பரில் ஒரு கையெழுத்து. அப்பா பேனாவை எடுத்துவிட்டார். யாராவது கொஞ்சம் அதட்டலாகச் சொன்னால் அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விடும், 24 வருஷப் பழக்கம் அது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "அம்மாவிடம் கேட்டுவிட்டு வருகிறோம்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கீழே படியிறங்கும்போது அப்பா ஒன்றும் பேசவில்லை. எனக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

இப்போது சென்னையில் ராணுவத் தீர்ப்பாயத்தில் வாதாடும் ஒரு வக்கீலைச் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம், வக்கீலே வேண்டாம், முன்னாள் படைவீரர் சங்கம் மூலமாக எழுதினாலே போதும் என்கிறார்கள். நீங்கள் யாரிடம் போனீர்கள், எப்படி முடிவு செய்தீர்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பழைய கிளார்க்

மகளே, கையைப் பிடித்து இழுத்து வந்தாயே, அதுதான் பாதி வேலை. நான் சர்வீஸில் கிளார்க்காக இருந்து சுபேதாராக வந்தவன். வந்த பிறகு எட்டு வருஷமாக எங்கள் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு மனு எழுதித் தருகிறேன், காசு வாங்குவதில்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு தடவைகூடப் போகாமல் நேராக ஏஜெண்டிடம் போய்ப் பணம் கொடுத்துவிட்டு அப்புறம் என்னிடம் வருகிறார்கள், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அந்த அலுவலகத்தில் எல்லாம் இலவசம். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் நம்மைப் போலப் பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள், டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டினாலே எங்கே சிக்கல் என்று சொல்லிவிடுவார்கள். கலெக்டர் முன்னால் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டமும் நடக்கும், அதில் கொடுக்கிற மனுவுக்கு ஒரு நம்பர் கிடைக்கும், பதில் வந்தாக வேண்டும்.

ஆனால் அவர்களால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் உங்கள் மனுவைச் சரியான இடத்துக்கு அனுப்புவார்கள், நினைவூட்டல் போடுவார்கள், சான்றிதழ் தருவார்கள். மெடிக்கல் போர்டு எழுதிய கருத்தை எதிர்த்து வாதாடுவது அவர்கள் வேலை இல்லை. உன் அப்பாவின் கேஸ் அந்த வகை. அதற்கு மேல்முறையீடு, அப்புறம் தீர்ப்பாயம்.

ஆள் யாராக இருந்தாலும் நான் பார்ப்பது ஒன்றுதான், எந்த ரெக்கார்ட்ஸ், அதாவது சர்வீஸ் காகிதங்கள் இருக்கிற எந்த ஆவண அலுவலகம், என்று கேட்கிறாரா. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர் (பொறியாளர் படை) என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், மெடிக்கல் கோர் என்றால் லக்னோ. ஒவ்வொருவருடைய மூலக் காகிதமும் அவரவர் ரெக்கார்ட்ஸில்தான் இருக்கும், பென்ஷன் உத்தரவு போடுவது பிரயாக்ராஜில். இது தெரியாத ஆள் உனக்கு எங்கே போய் என்ன கேட்பார்? டிரங்குப் பெட்டியில் இருக்கிற கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே. மெடிக்கல் போர்டின் முழு நடவடிக்கைக் காகிதம் இல்லையென்றால் ரெக்கார்ட்ஸுக்குக் கடிதம் எழுதிக் கேள், வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்துக் கேள். அப்பா கையெழுத்தில், அப்பா சர்வீஸ் நம்பர் போட்டு.

தென்காசிப் பையன்

எங்களுடையது குடும்பப் பென்ஷன், ஆனால் ஆள் தேர்வு செய்ததில் நான் செய்த தப்பை இங்கே சொல்லியே ஆகவேண்டும். அப்பா தவறியபோது அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அம்மா பெயர் முத்து என்று மட்டும் இருந்தது, ஆதாரில் முத்துலட்சுமி. பிறந்த தேதியும் வேறு. ஒரு இன்டர்நெட் சென்டர்காரர் ராணுவப் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் போர்ட்டலில் எல்லாம் தானே செய்து தருவதாகச் சொன்னார், இரண்டாயிரம் ரூபாய் வாங்கினார், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். ஓ.டி.பி. அடிக்கடி வரும், உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொல்லி மொபைல் நம்பர் இருக்கிற இடத்தில் தன் நம்பரைப் போட்டுவிட்டார். எனக்கு அப்போது அது உதவி மாதிரிதான் தெரிந்தது.

பென்ஷன் வர ஆரம்பித்தது. அடுத்த நவம்பரில் வாழ்வுச் சான்று கொடுக்கப் போனபோதுதான், அக்கவுண்டுக்குள் நுழையவே அவர் போனுக்கு வரும் நம்பர் வேண்டும் என்று தெரிந்தது. நம்பர் சொல்ல ஐந்நூறு கேட்டார். கொடுத்தேன். அதற்கப்புறம் ஒரு முறை போன் எடுக்கவில்லை. அம்மா இரண்டு மாசம் பென்ஷன் இல்லாமல், யாரிடமும் சொல்லாமல், மருந்தைப் பாதி பாதியாகப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். மாத்திரை அட்டையில் எல்லாம் பாதி உடைந்த மாத்திரைகள் இருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். கடைசியில் அம்மாவை ஆதாரோடு நேரில் ஸ்பர்ஷ் சேவை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் எங்கள் நம்பரை மாற்றினோம். பெயர் விஷயத்துக்கு நோட்டரி முன் பிரமாணப் பத்திரம், வி.ஏ.ஓ. சான்று எல்லாம் மாவட்ட நல அலுவலகத்தில் சொன்னபடி வாங்கினோம், அதற்கு இரண்டாயிரம் ஆகவே இல்லை.

உங்கள் போர்ட்டல் கணக்கில் உங்கள் நம்பர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அப்பா உயிரோடு இருக்கிறவர்கள், அம்மா பெயர் ரெக்கார்ட்ஸில் எப்படி இருக்கிறது என்று இப்போதே பார்த்துச் சரி செய்துவிடுங்கள். அப்பா கையெழுத்துப் போட்டால் ஒரு மனுவில் முடிகிற வேலை, அவர் போன பிறகு எங்களுக்கு ஒரு வருஷம் ஆனது.

சாப்பர் பேரன்

அண்ணா, இதைப் படித்துவிட்டு உடனே பார்த்தேன். தாத்தா கணக்கில் பேங்க் மேனேஜர் சொந்தக்காரர் ஒருவர் நம்பர் இருக்கிறது. நாளைக்குப் போகிறோம்.

தீர்ப்பாயத்தில் ஜூனியர்

நான் வக்கீல், சென்னை பெஞ்சில் சீனியர் ஒருவரோடு சில வருஷம் இருந்தேன். முதல் வருஷம் நடந்தது ஒன்று. வயசான நாயக் ஒருவர் மஞ்சள் பையில் ஒரு ஸ்டாம்ப் பேப்பர் ஒப்பந்தம் கொண்டு வந்தார். வரும் அரியர்ஸில் நாற்பது சதவீதம், அதற்கப்புறம் மாசப் பென்ஷனில் பத்து சதவீதம் மூன்று வருஷத்துக்கு என்று எழுதி, அடியில் அவர் கையெழுத்து, சாட்சிக்கு அவர் மருமகன். "இதை மீறினால் ஜெயிலாம்மா?" என்று கேட்டார். அந்த நாற்பது சதவீதம் எழுதி வாங்கியவர் வக்கீலே இல்லை, ஒரு தரகர்.

அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். 1871-ம் வருஷத்துப் பென்ஷன் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. இனிமேல் வரப்போகிற பென்ஷனை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கிற எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று அதன் 12-வது பிரிவு சொல்கிறது. வக்கீலாக இருந்தால், ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேசவே பார் கவுன்சில் விதிகள் அனுமதிக்கவில்லை. அதனால் சதவீதம் என்ற வார்த்தை வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கட்டணம் எவ்வளவு, எப்போது, எதற்கு என்று ஒரு தாளில் எழுதிக் கேளுங்கள். நல்ல வக்கீல்கள் அதற்குக் கோபப்பட மாட்டார்கள். தொகை கட்டுப்படியாகாது என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். தீர்ப்பாயத்தில் மனுதாரர் வக்கீல் இல்லாமல் தானே பேசவும் முடியும், ஆனால் மருத்துவக் காகிதம் சம்பந்தப்பட்ட கேஸில் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஹவில்தார் மகளுக்கு. வக்கீலிடம் போனால் இந்த மூன்றையும் கேளுங்கள். 2013-ல் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தரம்வீர் சிங் தீர்ப்பு எங்கள் கேஸுக்கு எப்படிப் பொருந்தும்? படையில் சேரும்போது நோய் என்று ஒன்றும் குறிக்காமல் சேர்த்திருந்தால், பின்னால் வந்தது சர்வீஸால் வந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசுடையது என்பது அதன் சாரம். அப்பா சேரும்போது நடந்த மெடிக்கல் காகிதத்தை அவர் கேட்கிறாரா என்று பாருங்கள். அடுத்து, 2014 டிசம்பரில் வந்த ராம் அவதார் தீர்ப்பு. அதன்படி, சர்வீஸ் காலம் முடித்து வந்தவருக்கும் 30 சதவீதத்தை 50 ஆகக் கணக்கிடலாம். கடைசியாக, அரியர்ஸ் எவ்வளவு வரும்? 2009-லிருந்து மொத்தமும் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். தாமதமாக வரும் பென்ஷன் கேஸ்களில் பொதுவாக மனு போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான் பாக்கி என்பது 2008-ல் தர்சேம் சிங் வழக்கிலேயே சொல்லியாகிவிட்டது. மாசாமாசம் தள்ளிப்போட்டால் அந்த மாசம் கையை விட்டுப் போகிறது, அதனால் சீக்கிரம் போங்கள்.

இன்னொன்று. மேல்முறையீடு போடாமல் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று சொல்கிறவர் அவசரப்படுகிறார். முதலில் மேல்முறையீடு, ஆறு மாசம் பதில் இல்லையென்றால் அப்புறம் தீர்ப்பாயம்.

மறுபடி சேர்ந்தவர்

சங்கம் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். எனக்குச் சங்கத்து ஆள் ஒரு பைசா வாங்காமல் செய்தார், ராத்திரி பத்து மணிக்குக்கூட வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிப் போனார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை குறையவில்லை. ஆனால் நான் முதலில் காலாட்படை, பென்ஷனோடு வந்து மறுபடி டி.எஸ்.சி.யில் (ராணுவ இடங்களைக் காவல் காக்கும் பாதுகாப்புப் படை) சேர்ந்தவன். இரண்டாவது சர்வீஸுக்கான பென்ஷனுக்கு எழுத வேண்டியது கண்ணூரில் இருக்கும் டி.எஸ்.சி. ரெக்கார்ட்ஸுக்கு. அவர் என் பழைய ரெஜிமெண்டுக்கு எழுதினார். பதில் வரவில்லை, மறுபடி எழுதினார், மறுபடி அதே இடத்துக்கு. பதினோரு மாசம் போனது. நானும் கேட்கவில்லை, இலவசமாகச் செய்கிறவரிடம் எப்படிக் கேட்பது என்று ஒரு கூச்சம். இலவசமாகச் செய்தாலும், அனுப்பிய கடிதத்தின் நகலும் ரிஜிஸ்டர் தபால் ரசீதும் வேண்டும் என்று முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். நான் அந்த ரசீதை வாங்கிப் பார்த்திருந்தால் முகவரி தப்பு என்று முதல் மாசமே தெரிந்திருக்கும்.

ஹவில்தார் மகள்

எல்லோருக்கும் நன்றி. பழைய கிளார்க் ஐயா சொன்னபடி நாசிக் ரோடுக்கு எழுதினோம். முழு மெடிக்கல் போர்டு காகிதம் ஐந்து வாரத்தில் வந்தது, சேரும்போது எடுத்த மெடிக்கலும் கூடவே இருந்தது. அதில் பிரஷர் அளவு சரியாக இருக்கிறது, நோய் என்ற கட்டத்தில் "இல்லை" என்று நீல மையில் எழுதியிருக்கிறது.

அப்புறம் அந்தச் சென்னை வக்கீலைப் பார்த்தோம். ஜூனியர் அக்கா எழுதியதைத் தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன், கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. அவர் பேங்க் எது என்று கேட்கவே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சேரும்போது எடுத்த மெடிக்கலைத்தான் முதலில் தேடி எடுத்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்து, எந்தெந்த இடத்தில் எத்தனை வருஷம் இருந்தீர்கள், பிரஷர் முதலில் எங்கே இருந்தபோது தெரிந்தது என்று கேட்டார். அப்பா பேச ஆரம்பித்தார். பனியில் பதினாலாயிரம் அடி உயரத்தில் இருந்த இரண்டு குளிர்காலத்தைப் பற்றி, மூக்கில் ரத்தம் வந்ததைப் பற்றி, எனக்கும் அம்மாவுக்கும் இதுவரை சொல்லாததை எல்லாம் முக்கால் மணி நேரம் சொன்னார். அவர் குறித்துக்கொண்டே இருந்தார். நடுவில் நிறுத்தவில்லை.

கேஸ் உறுதியாக ஜெயிக்கும் என்று அவர் சொல்லவில்லை. முதலில் மேல்முறையீடு போடலாம், கட்டணம் இரண்டு தவணை, ஒரிஜினல் எதுவும் தன்னிடம் வேண்டாம், ஜெராக்ஸ் போதும் என்றார். வக்காலத்தில் எழுதியிருந்ததை அப்பாவுக்குத் தமிழில் வரி வரியாகப் படித்துக் காட்டிய பிறகுதான் பேனாவைக் கொடுத்தார். மேல்முறையீடு போன வியாழக்கிழமை ரிஜிஸ்டர் தபாலில் போய்விட்டது, ரசீது என்னிடம் இருக்கிறது, முகவரியை இரண்டு முறை பார்த்துவிட்டேன்.