வேலை நேரத்தில் விபத்து, இடித்தவருக்கு இன்ஷ்யூரன்ஸ் இல்லை: கலிபோர்னியாவில் எங்கள் அனுபவம்

ஃப்ரீமாண்ட் பக்கம் வீடு வீடாகப் போய் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட் நான். ஒரு நோயாளி வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு என் சொந்தக் காரில் போகும்போது, சிக்னலில் ஒருவர் பின்னால் வந்து இடித்துவிட்டார். கழுத்திலும் தோளிலும் நல்ல அடி. அவரிடம் இன்ஷ்யூரன்ஸே இல்லை.

வேலையில் இருந்ததால் மருத்துவச் செலவை ஒர்க்கர்ஸ் காம்ப் (வேலையில் அடிபட்டவர்களுக்கு முதலாளி தரப்பு இன்ஷ்யூரன்ஸ் தரும் இழப்பீடு) ஏற்றது. வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கும் வந்தது. "அதுதான் காம்ப் வருகிறதே, உங்கள் கார் பாலிசியில் கேட்க ஒன்றுமில்லை" என்றார்கள் ஆபீஸில். இதை நம்பி எத்தனையோ பேர் விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள். பட்ட வலிக்கும் வேதனைக்கும் காம்ப் ஒரு டாலர்கூடத் தராது. சம்பளத்தில் விட்டுப்போன பங்கும் அதில் வராது. இரண்டுக்கும் நம் பாலிசியில் உள்ள அன்இன்ஷ்யூர்ட் மோட்டாரிஸ்ட் கவரேஜ்தான் (சுருக்கமாக யூ.எம்., இடித்தவரிடம் இன்ஷ்யூரன்ஸ் இல்லாதபோது நம் கம்பெனியே தருவது) வழி.

ஆனால் கழிவு உண்டு. மாநில இன்ஷ்யூரன்ஸ் சட்டத்தின் 11580.2 பிரிவுப்படி, காம்ப் கொடுத்த தொகையையும் இனி கொடுக்கவேண்டியதன் இன்றைய மதிப்பையும் யூ.எம். பணத்தில் கழித்துக்கொள்ளலாம். ஒரு கணக்குக்கு, மொத்த இழப்பு 90,000 டாலர், காம்ப் 55,000 என்றால், யூ.எம்.மில் 1,00,000 லிமிட் (பாலிசி தரும் உச்சத் தொகை) இருப்பவருக்கு 35,000 கிடைக்கும். அதே ஆள் குறைந்தபட்சமான 30,000 லிமிட்டோடு நின்றிருந்தால், காம்ப் தொகை அந்த 30,000-லிருந்தே கழியும் என்பதால் அனேகமாக ஒன்றும் மிஞ்சாது. வேலைக்காகக் கார் ஓட்டுகிறவர்கள் லிமிட்டை உயர்த்தியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்று, பொறுமை வேண்டும். உடம்பு ஒரு நிலைக்கு வந்து, குறைபாட்டை மதிப்பிட முடிகிற வரை ஆர்பிட்ரேஷன் (யூ.எம். தொகையை கோர்ட்டுக்குப் பதில் நடுவர் முடிவு செய்வது) நடக்காது. அதற்காகச் சும்மா இருந்துவிடக் கூடாது. ஆர்பிட்ரேஷன் கேட்கும் கடிதம் விபத்து நடந்து 2 வருடத்துக்குள் நம் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கு சர்டிஃபைட் மெயிலில் போய்விட வேண்டும்.

மறுமொழி 1:
அக்கா, எனக்கு ஆபீஸ் முடிந்து வீடு திரும்பும்போது நடந்தது. வீட்டுக்கும் ஆபீஸுக்கும் போய் வருவது வேலையில் சேராது என்று காம்ப் மறுத்துவிட்டது. அப்போது இடிந்துபோனேன். அப்புறம் பார்த்தால், காம்ப் இல்லாததால் யூ.எம்.மில் கழிக்கவும் எதுவும் இல்லை! இடித்தவர் நிற்காமல் போனதால் 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குச் சொன்னோம், 30 நாளுக்குள் இன்ஷ்யூரன்ஸுக்குச் சத்தியப் பிரமாண வாக்குமூலம் கொடுத்தோம். அந்த வண்டி நம் காரில் பட்டிருக்க வேண்டும் என்பதும் முக்கியம். பம்பரில் ஒட்டியிருந்த பெயிண்ட்தான் என்னைக் காப்பாற்றியது.

மறுமொழி 2:
என் யூ.எம். பணம் வந்ததும் காம்ப் தரப்பிலிருந்து "எங்கள் பங்கைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கடிதம் வந்தது. வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டோம். இடித்தவரிடமிருந்து வாங்கும் பணத்தில்தான் அவர்களுக்கு உரிமை, நாம் பிரீமியம் கட்டிய யூ.எம். பணத்தில் கிடையாது என்று வக்கீல் பதில் எழுதினார். அதற்குப் பிறகு அவர்கள் கேட்கவே இல்லை.