மூட்டை தூக்கும் வேலையைப் பாதுகாப்பாக மாற்ற ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். நான் மேற்பார்வையிடும் கிடங்கில் தொழிலாளர்கள் 30 கிலோ மூட்டைகளைத் தரையிலிருந்து தூக்கி, இடுப்பைத் திருப்பி, தோளுக்கு மேல் அடுக்குகிறார்கள்; பலருக்கு முதுகுவலி தீர்ந்தபாடில்லை. எல்லாம் சாதகமாக அமைந்த நிலையிலேயே அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் (NIOSH), பாதுகாப்பாகத் தூக்கக்கூடிய எடையைக் கணக்கிடத் தந்துள்ள சமன்பாடு 23 கிலோவைத்தான் உச்ச அளவாகக் கொள்கிறது. சுமை உடலைவிட்டு விலகினாலும், உடல் திரும்பினாலும், அடிக்கடி தூக்க நேர்ந்தாலும் அந்த அளவு இன்னும் குறையும். எனவே, முழங்காலை மடக்கித் தூக்கச் சொல்லிப் பயிற்சி அளிப்பது மட்டும் போதாது, வேலையின் அமைப்பே மாற வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். மூட்டையை இடுப்பு உயரத்திலேயே நிறுத்தும் ஹைட்ராலிக் லிஃப்ட் டேபிளைக் குறுகலான இடத்தில் பயன்படுத்தியவர்கள் தங்கள் அனுபவத்தைத் தயவுசெய்து பகிருங்கள். மூட்டையின் எடையையே குறைத்து அனுப்பும்படி சரக்கு அனுப்புவோரைச் சம்மதிக்க வைத்தவர்கள் இருந்தால், அவர்களிடம் எதை எடுத்துச் சொன்னீர்கள் என்பதையும் அறிய விரும்புகிறேன்.