செகண்ட்ஹேண்ட் சின்ன கார் பார்க்கப் போன இடத்தில் மறக்க முடியாத ஒரு நிமிஷம்: உங்கள் அனுபவம் என்ன?

நங்கநல்லூர்வாசி

ஒன்றரை வருஷமாக மனசில் கிடக்கிறது, இங்கே இறக்கி வைக்கிறேன்.

2024 ஜூன். ஆல்டோ 800, 2017 மாடல், 38,000 கிலோமீட்டர், சிங்கிள் ஓனர், கேட்ட விலை 2 லட்சத்து 60 ஆயிரம். பள்ளிக்கரணை பக்கம் ஒரு தெரு. எனக்கு ஆபீஸ், பையன் ஸ்கூல், மாசம் ஒரு தடவை திண்டிவனம், அவ்வளவுதான் ஓட்டம். ஆல்டோ தாராளம். வண்டி பளபளவென்று இருந்தது. புது சீட் கவர், புது மேட், ஏசி போட்டதும் சென்ட் வாசனை மூக்கை அடைத்தது. ஒரு ரவுண்டு ஓட்டியும் பார்த்தேன், குறை தெரியவில்லை.

இறங்கும் முன்னால் டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தேன். மாட்டும்போது யாரும் அவ்வளவு தூரம் இழுக்க மாட்டோம். கடைசி ஒரு முழம் வேறு நிறத்தில் வந்தது. மேலே கறுப்பு, கீழே பழுப்பு, நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி ஒரு கோடு. விரலால் தேய்த்தேன். காய்ந்த வண்டல், பொடியாக என் பேன்ட்டில் விழுந்தது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். அந்தப் பக்கம் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர், ஓனருடைய அப்பா, "அன்னைக்கே வண்டிய மேட்டுல கொண்டு போய் விடச் சொன்னேன் தம்பி..." என்று ஆரம்பித்தார். மகன், "அப்பா, நீங்க உள்ள போங்க" என்றார். பெரியவர் எழுந்து போய்விட்டார்.

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேங்க" என்று கிளம்பினேன். கேட் பக்கத்தில் ஒரு இளம் ஜோடி, கைக்குழந்தையோடு பைக்கில் வந்து இறங்கியிருந்தார்கள். அதே வண்டியைப் பார்க்க. அந்தப் பெண் என்னிடம், "அண்ணா, வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார். ஓனர் எனக்குப் பின்னால் நிற்கிறார். "பாருங்க, பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

கணபதி ஏரியா அக்கா

ஓனர் பின்னாடி நிக்கறப்போ நானும் சொல்லியிருப்பனான்னு தெரியலைங்க. என்னோடது வேற மாதிரி.

2012 மாடல் பெட்ரோல் வண்டி. பதினோரு மணிக்கு வரச் சொன்னாங்க, எனக்கு பஸ் சீக்கிரம் கிடைச்சதால பத்தே காலுக்கே போயிட்டேன். வண்டி போர்டிகோவுல நிக்குது. நம்ம அப்பா லாரி ஓட்டினவருங்க, எந்த வண்டிகிட்ட போனாலும் முதல்ல பானட் மேல கைய வைப்பாரு. அதே பழக்கத்துல வெச்சேன். கொதிக்குது. "காலைலயிருந்து எடுக்கவே இல்லைங்க"ன்னு அந்தம்மா சொல்லி வாய மூடல.

சண்டையெல்லாம் போடலைங்க. "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வரேன், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாம வைங்க"ன்னு கேட்டேன். ஒத்துக்கிட்டாங்க. அடுத்த நாள் சாவி போட்டதும் கடகடன்னு ஒரு சத்தம், சைலன்ஸர்ல நீலப் புகை. அரை நிமிஷத்துல ரெண்டும் அடங்கிருச்சு. சூடா இருந்தா எதுவுமே தெரியாதுங்க, அதுக்குத்தான் முன்கூட்டியே ஓட்டி வெச்சிருந்தாங்க. இன்னும் எனக்கு உறுத்தறது என்னன்னா, பஸ் லேட்டாகியிருந்தா அன்னைக்கே அட்வான்ஸ் குடுத்திருப்பேன். பணம் பையிலயே இருந்துச்சு.

மதுரை ஒர்க்‌ஷாப்

நங்கநல்லூர் சார், நீங்க சொல்லியிருக்கணும். கோவிச்சுக்காதீங்க. கேட்டைத் தாண்டி ரெண்டு நிமிஷம் நின்னு, அவங்க வெளிய வந்ததும் "பெல்ட்டை இழுத்துப் பாருங்கம்மா"ன்னு ஒரு வார்த்தை. அது போதும்.

தண்ணிக்குப் போன வண்டி மூணு மாசம் ஆறு மாசம் நல்லாத்தான் ஓடும். என்கிட்ட ஒரு காலேஜ் வாத்தியார் வண்டி கட்டி இழுத்து வந்துச்சு. வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறயில எஞ்சின் நின்னு, ஸ்டியரிங் கல்லு மாதிரி இறுகிப் போச்சாம். பிரிச்சுப் பார்த்தா ஈசிஎம், அதாவது எஞ்சினை நடத்துற கம்ப்யூட்டர், அதோட சாக்கெட்ல பின்னெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கு. வாங்கி ஒம்பது மாசம். பொண்டாட்டி பிள்ளைகளோட போயிருக்காரு மனுசன்.

இன்னொண்ணு. பெல்ட்டை மட்டும் நம்பாதீங்க, வியாபாரிக இப்ப அதையும் மாத்திடுறாங்க. சீட்டுக்கு அடியில ரெயில் இருக்கும், அதுல போல்ட் தலையப் பாருங்க. 38,000 ஓடின வண்டியில அங்க துரு ஏறியிருந்தா சந்தேகப்படுங்க. மேட்டைத் தூக்கி, அதுக்குக் கீழ ஒட்டியிருக்கிற கார்ப்பெட்டையும் ஓரத்துல கிளப்பி, பஞ்சை விரலால அமுக்கிப் பாருங்க. டிக்கியில ஸ்டெப்னியக் கழட்டிட்டு அந்தக் குழிய டார்ச் அடிச்சுப் பாருங்க, மண்ணு அங்கதான் தங்கும். ஹெட்லைட்டுக்குள்ள ஆவி கோத்து நிக்குதா பாருங்க.

மீட்டருக்கு வரேன். மீட்டரைத் திருப்பத் தெரிஞ்சவனுக்கு பிரேக் பெடல் ரப்பரை மாத்தத் தோணாது. ரப்பர் வழவழன்னு தேஞ்சு இரும்பு தெரிஞ்சா அது 38,000 இல்ல, லட்சம் தாண்டின வண்டி. டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும். 2319ன்னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்சது. 2017 வண்டியில நாலு டயரும் 2019ன்னா, ரெண்டே வருசத்துல ஏன் மாத்துனீங்கன்னு கேளுங்க. மொகத்தைப் பாருங்க, பதில் அங்க வரும்.

முக்கியமா பழைய இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்குங்க. கிளெய்ம் இல்லாம ஓட்டினவருக்கு அஞ்சு வருசத்துல என்சிபி, அதாவது நோ கிளெய்ம் போனஸ்ங்கிற பிரீமியத் தள்ளுபடி, 50 சதவீதம் வந்திருக்கும். ஏழு வருச வண்டிக்கு என்சிபி சைபர்னு போட்டிருந்தா, போன வருசம் என்ன நடந்துச்சுன்னு அந்தக் காகிதம் சொல்லிரும். பழைய வண்டி வாங்கி விக்கிற கன்சல்டிங்காரங்க பெயிண்டைத்தான் காட்டுவாங்க, நீங்க காகிதத்தைக் கேளுங்க.

தண்ணிக்குப் போன வண்டியை விக்கவே கூடாது. இரும்புக்குப் போடணும். அவ்வளவுதான் என் கருத்து.

முத்துநகர் வாசகன்

மதுரை அண்ணாச்சி, இரும்புக்குப் போடணும்னு ஒரு வரியில சொல்லிட்டீங்க. வித்தவங்க பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்க.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. தூத்துக்குடியில எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. அப்பாவோட மாருதி 800, 2003 மாடல். அந்த வருஷம்தான் ரெண்டாவது தடவையா எஃப்.சி. காட்டி அஞ்சு வருஷத்துக்கு ஆர்சி புதுப்பிச்சிருந்தாங்க. தண்ணி வடிஞ்சு நாலாம் நாள் அப்பா கதவைத் திறந்து, டேஷ்போர்டு பெட்டியத் திறந்தாங்க. தண்ணி குபுக்குனு அவங்க வேட்டியில கொட்டுச்சு. கூடவே ஆர்சி புக், நனைஞ்ச அப்பளம் மாதிரி. அதை ஒவ்வொரு பக்கமா பிரிச்சு வெயில்ல காயப் போட்டாங்க. வண்டியப் பத்தி ஒரு வார்த்தை பேசல.

மூணு வருஷமா மூணாவது பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும்தான், அதனால கிளெய்ம் கிடையாது. ரிப்பேர் பார்த்து ஓட வச்சோம். விக்கணும்னு வந்தப்போ அப்பா ஒரே பிடிவாதம், வர்றவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லணும்னு. பதினொரு பேர் வந்தாங்க. அப்பா "டேஷ்போர்டு வரைக்கும் தண்ணி நின்னுச்சு"ன்னு சொன்னதும் டீ கிளாஸை அப்படியே வச்சிட்டு எந்திரிச்சவங்க அதுல ஏழு பேர். கடைசியா ஒரு மெக்கானிக் ஸ்பேருக்கு 18,000 ரூவாய்க்கு எடுத்தாரு. அந்தப் பள்ளிக்கரணை ஆளுக்கு நான் வக்காலத்து வாங்கல, மறைச்சது தப்புதான். ஆனா உண்மையச் சொன்னா என்ன விலை கிடைக்கும்னு எங்க வீட்டுல பார்த்தாச்சு. "அப்பா, உள்ள போங்க"ன்னு படிச்சப்போ எனக்கு எங்க அப்பா மொகம் வந்துச்சு.

மதுரை ஒர்க்‌ஷாப்

தம்பி, உங்க அப்பா காலைத் தொட்டுக் கும்பிடணும். 18,000க்கு வாங்கின அந்த ஆளும் நம்ம ஜாதிதான், ஸ்பேர் பிரிக்கிற ஜாதி. சொல்லி வித்தா அது வேற. நான் எழுதினதைத் திருத்திக்கிறேன்.

உறையூர்

நான் வித்தவன். வித்ததுக்கு அப்புறம்தான் என் கதையே.

2022 கடைசியில் என் வாகன் ஆரைப் புரோக்கர் மூலம் கொடுத்தேன். ஃபார்ம் 29, 30 ரெண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "பத்து நாளில் பேர் மாறிடும் சார்" என்றார். நம்பினேன். 2023 பிப்ரவரி, ராத்திரி 2 மணி, என் மொபைலில் டோல் மெசேஜ். கிருஷ்ணகிரி. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேகை நான் எடுக்கவில்லை, என் பேங்க் கணக்கிலிருந்து பணம் போகிறது. முதலில் கோபம் பணத்துக்காகத்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, அந்த ராத்திரியில் என் பேரில் பதிவான வண்டியை முன்பின் தெரியாத ஒருத்தர் ஓட்டிக்கொண்டு போகிறார். அவர் யாரையாவது இடித்தால் நோட்டீஸ் என் வீட்டுக்கு வரும். விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

பேர் மாற எட்டு மாசம் ஆனது. வாங்குகிறவர்கள் மட்டும் இல்லை, விற்கிறவர்களும் கவனியுங்கள். லோன் இருந்த வண்டி என்றால் ஃபார்ம் 35 போட்டு அடமானத்தை நீக்கினார்களா என்று ஆர்சியில் பாருங்கள். உங்கள் என்சிபி உங்களுடையது, வண்டியோடு போகாது, அதற்கான கடிதத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எழுதி வாங்கி புது வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பேருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ஆர்டிஓ ஆபீசுக்கு நீங்களும் கூடப் போங்கள். அரை நாள் லீவு போனால் போகட்டும்.

நல்லூரான்

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். 2022இல பெற்றோல் வரிசையில நிண்ட காலம். கியூஆர் பங்கீட்டில காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான் தந்தவை. அதால எல்லாரும் 660 சிசி வாகன் ஆருக்குப் பின்னால ஓடினவை. 2020 மார்ச்சில இறக்குமதி நிப்பாட்டினதால விலையும் கைக்கு எட்டேல்லை.

வித்தவர் ஜப்பான் ஏலத்தாளிண்ட கொப்பியைத் தானே எடுத்துத் தந்தார். ஒளிக்கேல்லை. அதில காரிண்ட படம் கீறி, ஒவ்வொரு இடத்திலயும் எழுத்துப் போட்டிருக்கும். இடப்பக்க முன் கதவில எக்ஸ் எக்ஸ் எண்டு கிடந்தது. என்னெண்டு கேட்டன். "அது நல்ல தரம் எண்டு அர்த்தம் தம்பி" எண்டார், கண்ணைப் பாத்துக்கொண்டு. முற்பணம் குடுத்திட்டன். ஒரு கிழமை கழிச்சு யப்பானில இருக்கிற மச்சான் தொலைபேசியில சொன்னான்: ஏ எண்டா கீறல், யூ எண்டா நெளிவு, டபிள்யூ எண்டா தட்டித் திருத்தினது, எக்ஸ் எக்ஸ் எண்டா அந்தப் பாகத்தையே மாத்தினது. இடிபட்ட கார். முற்பணம் திரும்பி வரேல்லை. காசை விடுங்கோ, அந்த மனுசன் சொன்ன விதம்தான் இண்டைக்கும் நெஞ்சுக்குள்ள நிக்குது.

ஆவடி புது வண்டி

எல்லாம் படிச்சேன். இவ்வளவு பயத்தோட பழசு எதுக்கு வாங்கணும்னுதான் எனக்குக் கேள்வி. 2025 செப்டம்பர் 22லயிருந்து 4 மீட்டருக்குள்ள, 1200 சிசி வரைக்கும் உள்ள பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 28லயிருந்து 18 ஆயிடுச்சு, செஸ்ஸும் போச்சு. அதுக்கு முந்தின மாசம் வரைக்கும் நானும் செகண்ட்ஹேண்ட்தான் தேடினேன். ஆறு வருஷ வண்டிக்கு ஒரு கன்சல்டிங்ல சொன்ன விலையையும், புதுசோட புது விலையையும் ஒரே பேப்பர்ல எழுதி வீட்டுக்காரம்மாகிட்ட காட்டினேன். அவங்க ரெண்டுக்கும் நடுவுல இருந்த தொகையப் பார்த்துட்டு, என் கையிலயிருந்து பேனாவ வாங்கிப் பழசை அடிச்சுட்டாங்க.

ஆனா ஒண்ணு, ஷோரூம் விலையப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. 5 லட்சம் வரைக்கும் உள்ள காருக்கு நம்ம ஊர்ல லைஃப் டாக்ஸ் 12 சதவீதம், அது தாண்டி 10 லட்சம் வரைக்கும் 13. மூணு வருஷ மூணாவது பார்ட்டி பாலிசி சேர்த்தே எடுக்கணும். ஆன்ரோடு விலைய எழுத்துல கேளுங்க.

கணபதி ஏரியா அக்கா

ஆவடி அண்ணா, எல்லாருக்கும் அந்த நடுவுல இருக்கற தொகை கையில இருக்கறதில்லைங்க. அந்த ஜோடி கைக்குழந்தையோட பைக்ல வந்தாங்கன்னு எழுதியிருக்காரு.

நங்கநல்லூர்வாசி

எல்லாருக்கும் நன்றி. மதுரை அண்ணன் சொன்ன அந்த ரெண்டு நிமிஷத்தை நான் நிற்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்கு வண்டியை முன்னால் நின்று எடுத்த போட்டோ இன்னும் போனில் இருக்கிறது. நேற்று ராத்திரி இதையெல்லாம் படித்த பிறகு வண்டி விவரம் காட்டும் அரசு ஆப் எம்பரிவாகனில் அந்த நம்பரைப் போட்டுப் பார்த்தேன். பேரை முழுசாகக் காட்டாது, எழுத்துக்கு நடுவில் நட்சத்திரக் குறிதான் வரும். ஓனர்ஷிப் இப்போது இரண்டு என்று இருக்கிறது. இன்ஷூரன்ஸ் 2025 ஜூனோடு முடிந்திருக்கிறது. அதற்குப் பிறகு புதுப்பிக்கவில்லை.