மே மாசம் பசங்களைப் பூண்டி, செம்பரம்பாக்கம் கூட்டிப் போகலாமா?

கொளத்தூர்வாசி:
கோயம்புத்தூரிலிருந்து அக்கா பசங்க லீவுக்கு சென்னைக்கு வருகிறார்கள், ஒருத்தனுக்கு பன்னிரண்டு வயசு, இன்னொருத்தனுக்கு எட்டு. பீச்செல்லாம் போன வருஷமே பார்த்தாச்சு, இந்தத் தடவை ஏரியில் படகு ஓட்டணும், தண்ணியில் இறங்கணும் என்று போனிலேயே அடம். பூண்டியா, செம்பரம்பாக்கமா என்று யோசிக்கிறேன். ஆனால் ஏரியில் தண்ணீர் ரொம்ப இறங்கிவிட்டது என்கிறார்கள். தண்ணீர் கம்மி என்றால் ஆழமும் கம்மிதானே, பசங்களுக்கு அதுதான் நல்லது என்கிறார் மாமா. எனக்கென்னவோ மனசு ஒப்பவில்லை. அந்தப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

திருவள்ளூர் பக்கம்:
தயவுசெய்து இறக்க வேண்டாம். மாமா சொல்வதை நம்பித்தான் வருஷா வருஷம் கோடையில் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறார்கள். செம்பரம்பாக்கம் ரொம்பினாலே 24 அடிதான், புழல் 21 அடி சொச்சம், பரப்புதான் பெரிது. அதனால் மட்டம் கொஞ்சம் இறங்கினாலே தண்ணீர் கரையை விட்டு எங்கேயோ உள்ளே போய்விடும். நடுவில் இருப்பது அத்தனையும் வண்டல். மேலே பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்த தரை மாதிரி இருக்கும், கால் வைத்தால் மேல் ஓடு உடைந்து உள்ளே களி முழங்கால் வரைக்கும் பிடித்துக்கொள்ளும், காலை உருவினால் செருப்பு வராது. அதைத் தாண்டித் தண்ணீருக்குப் போனால் மண் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று கலங்கல் தண்ணீரில் தெரியாது, இடுப்பளவு என்று நினைத்து எடுத்து வைக்கிற அடுத்த அடியில் ஆள் முங்கிவிடலாம். மதகு பக்கம் இழுப்பும் இருக்கும். இதெல்லாம் ஊர் குடிக்கிற தண்ணீர், குளிக்கிற இடமே இல்லை.

பூண்டிக்கு வாருங்கள், ஆனால் தண்ணீருக்காக இல்லை. 1944-ல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டிய அணை. அது கட்டும்போது மூழ்கிப்போகிற இடத்தில் இருந்த திருவெண்பாக்கம் சிவன் கோயிலை வேறு இடத்தில் எடுத்துக் கட்டினார்கள். கண் போன சுந்தரருக்கு சாமி ஊன்றுகோல் கொடுத்த கோயில் இதுதான், அதனால்தான் ஊன்றீஸ்வரர். அங்கேயே தொல்லியல் துறை மியூசியம் ஒன்று இருக்கிறது, சின்னதுதான், ஆனால் கைக்கோடாரி எல்லாம் இருக்கிறது. பக்கத்து அதிரம்பாக்கத்தில் எடுத்த கற்கருவிகளுக்கு 15 லட்சம் வருஷம் வயது சொல்கிறார்கள். பன்னிரண்டு வயசுப் பையன் கண்டிப்பாக வாய் பிளப்பான்.

ஈசிஆர் ராணி:
படகுக்கு முட்டுக்காடு போங்கள். அது கடலோடு சேர்கிற கழிமுகம், குடிநீர் ஏரி மாதிரி மழையை நம்பி இல்லை, கோடையிலும் படகு ஓடும். சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது, துடுப்புப் படகு, மிதி படகு, மோட்டார் படகு எல்லாம் உண்டு. சனி, ஞாயிறு கூட்டம் தாங்காது, வார நாளில் போங்கள். வெயில் மண்டையைப் பிளக்கும், காலையிலேயே போய்விடுங்கள், லைஃப் ஜாக்கெட் சின்னவனுக்கு அளவாக இருக்கிறதா என்று நீங்களே வாரை இழுத்துப் பாருங்கள். முட்டுக்காட்டிலும் இறங்கிக் குளிக்க விடாதீர்கள்.

கொளத்தூர்வாசி:
ரொம்ப நன்றி இரண்டு பேருக்கும். மாமாவுக்கு இதை அப்படியே படித்துக் காட்டப் போகிறேன். தண்ணியில் இறங்கியே ஆகணும் என்று சின்னவன் அழுவான், அதற்கு என்ன செய்ய? அப்புறம், 2019 மாதிரி தண்ணீர்ப் பஞ்சம் ஆகிவிடுமா?

பழைய வண்ணாரப்பேட்டை:
தம்பி, அழுகைக்கு மெரினாவில் மாநகராட்சி நீச்சல் குளம் இருக்கிறது, திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இப்போது நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது ஆலையும் ஓடுகிறது, 2020-லிருந்து தேர்வாய் கண்டிகை ஏரியும் கூட இருக்கிறது, அதனால் உடனே பயப்பட வேண்டாம். ஆனால் இந்த ஏரிகளை நிரப்புவது ஐப்பசி, கார்த்திகை மழைதான், கண்டலேறு அணையிலிருந்து வருகிற கிருஷ்ணா தண்ணீரும் ஆந்திராவில் இருப்பைப் பொறுத்தது. அதுவரைக்கும் இருக்கிறதை வைத்துத்தான் ஓட்டணும். குடிநீர் வாரியம் தினமும் ஏரி மட்டத்தையும், எத்தனை மில்லியன் கன அடி இருக்கிறது என்பதையும் இணையத்தில் போடுகிறது, பசங்களையே பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மில்லியன் கன அடி என்றால் ஏறக்குறைய 2.83 கோடி லிட்டர். நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு குறைந்தது என்று பெரியவன் கழித்துப் பார்க்கட்டும், குழாயை மூடச் சொல்லி அப்புறம் யாரும் கத்த வேண்டியிருக்காது.